சொன்னதைச் சொன்னபடி

— என்னைப் பாக்காதீங்க. அவரைப் பாத்துச் சொல்லுங்க.

— அவருக்குத்தான் தமிழ் தெரியாதே?

— தெரியாட்டியும் அவரைப் பாத்துதான் பேசணும். கேள்வி கேக்கற போலீஸ் அதிகாரி அவர். நான் மொழிபெயர்க்க வந்தவ. நடுவுல ஒரு குழாய்னு வெச்சுக்குங்க. இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரும். அவ்வளவுதான்.

— சரிக்கா.

— அக்கான்னு கூப்பிடாதீங்க.

— ஏன்?

— நான் உங்களுக்கும் உறவு இல்ல, அவருக்கும் உறவு இல்ல. அதுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க.

— பின்ன எப்படிக் கூப்பிடறது? குழாய்னா?

— கூப்பிடவே வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்.

— அவர் ஏன் முறைக்கறார்?

— நாம என்ன பேசினோம்னு கேக்கறார். இந்த ரூம்ல யார் எது பேசினாலும் நான் அவர்கிட்ட சொல்லணும். விதி அது.

— அக்கான்னு கூப்பிட்டதையுமா?

— அதையும்தான்... இருங்க... ம், சொல்லிட்டேன். அதுக்கு அவர்... எதுக்குச் சிரிக்கறீங்க? அவர் சொன்னதை நான் இன்னும் சொல்லவே இல்லையே.

— அவர் சிரிச்சார், நானும் சிரிச்சு வெச்சேன். போலீஸ்காரங்க சிரிச்சா கூடச் சேந்து சிரிச்சுடணும். என்ன சொன்னார்?

— கூடப் பொறந்த தங்கச்சியே தன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம்.

— ஐயோ பாவம்.

— அதையும் சொல்லணும், தெரியுமில்ல?

— சொல்லுங்க. உண்மையிலேயே பாவம்தான்.

— ...சரி. ஆரம்பிக்கலாம். அதிகாரி சொல்றார்: காலைல ஒம்போது மணிலேருந்து உங்ககிட்ட பேசிப் பாத்திருக்கார். நீங்க 'தமிழ்'ங்கற ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீங்களாம். ஏழு வருஷமா இங்க இருக்கீங்க. இந்த ஊர் பாஷை கொஞ்சம்கூட வராதான்னு கேக்கறார்.

— எங்கேருந்து வரும்? நான் வீடு வீடாப் போய்த் தைக்கறவ. ஜன்னல் திரை, சோபா உறை, கொஞ்சம் பெருத்துப் போனவங்களுக்குப் பழைய சட்டையைப் பிரிச்சுவிடறது. அவங்க விரலைக் காட்டுவாங்க, நான் தலையை ஆட்டுவேன். மிஷின் சத்தத்துல பேச்சு எதுக்கு?

— விசா எப்ப முடிஞ்சதுன்னு தெரியுமா?

— தெரியும். அஞ்சு வருஷம், நாலு மாசம்... இன்னிக்கு என்ன தேதி?

— பதினேழு.

— அப்ப பதினோரு நாள்.

— முடிஞ்சது தெரிஞ்சேதான் தங்கினீங்களா?

— தெரியாம எப்படித் தங்கறது? காலைல கண்ணைத் திறந்தா முதல்ல அந்த எண்ணிக்கைதான் வரும். நேத்தைவிட ஒண்ணு கூட. அப்புறம்தான் எழுந்து பல்லு விளக்கறது.

— ...

— சொல்லலையா?

— பல்லு விளக்கறதையும் சொல்லவா?

— நீங்கதானே எல்லாத்தையும் சொல்லணும்னீங்க.

— சொல்லிட்டேன். ஏன் திரும்பிப் போகலைன்னு கேக்கறார்.

— தையல் கம்பெனிக்குன்னு விசா குடுத்துதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஒன்றரை வருஷம் மிஷின்ல உக்காந்தேன். ஒருநாள் போனா வாசல்ல சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு. எங்க மிஷின் எல்லாம் லாரில ஏறுது. என் மிஷினை எனக்குத் தூரத்துலேருந்தே தெரிஞ்சுது, சக்கரத்துல சிவப்புத் துணி கட்டி வெச்சிருப்பேன். முப்பத்தாறு பொம்பளைங்க ரோட்ல நிக்கறோம். கம்பெனி போனா அந்த விசாவும் போச்சுன்னு அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நாங்க பாட்டுக்கு அது எங்களுக்குக் குடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். கம்பெனிக்குக் குடுத்ததாம். நாங்க அதுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கோம், பட்டன் மாதிரி. பாதிப் பேர் அந்த மாசமே ஊருக்குப் போனாங்க. நான் நாளைக்கு, நாளைக்குன்னு... அடுத்த வாரம் ஒரு வீட்ல திரை தைக்கக் கூப்பிட்டாங்க. அது முடியறதுக்குள்ள பக்கத்து வீடு.

— ...

— நான் இவ்வளவு நீளமா சொன்னேன், நீங்க இத்தனூண்டுல முடிச்சுட்டீங்க?

— அவங்க பாஷைல சுருக்கமாதான் வரும்.

— பட்டனைச் சொன்னீங்களா?

— சொன்னேன்.

— சரி.

— அடுத்து, இவங்க உங்களை எப்படிப் பிடிச்சாங்கங்கறது. அதிகாரி எழுதினதைப் படிக்கறேன். தப்பு இருந்தா சொல்லுங்க. 'காலை எட்டு அம்பத்தஞ்சு. பூங்காவுக்கு எதிர்ல இருக்கற சிக்னல். ரோட்ல வண்டி எதுவும் இல்ல. நடந்து போறவங்க எல்லாரும் சிவப்பு விளக்குலயே ரோட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. இந்தப் பெண் மட்டும் பச்சை விழற வரைக்கும் நின்னாங்க. அதனால சந்தேகப்பட்டு எங்க ரோந்து வண்டியை நிறுத்தினோம்.'

— என்னது?

— அப்படித்தான் எழுதியிருக்கார்.

— ரூல்ஸ்படி நின்னதுக்கா பிடிச்சாங்க?

— 'பேப்பர் சரியா இருக்கறவங்க யாரும் காலி ரோட்ல நிக்க மாட்டாங்க. இல்லாதவங்கதான் நிப்பாங்க. இருபது வருஷமா பாக்கறேன்'ங்கறார்.

— அடப் பாவமே... அக்கா, இந்த ஊர்ல என்னை மாதிரி விதியை மதிக்கறவ ஒருத்தி கிடையாது. டிக்கெட் எடுக்காம பஸ்ல ஏறினதில்ல. குப்பையைத் தெருவுல போட்டதில்ல. பெருங்கூட்டம்னா ஓரமா நிப்பேன். சண்டை சத்தம் கேட்டா அந்தத் தெருவையே விட்டுட்டுச் சுத்திப் போவேன். வெளிய வாய்விட்டுச் சிரிச்சே அஞ்சு வருஷம் ஆச்சு. யாராவது திரும்பிப் பாத்துட்டா? அப்படியெல்லாம் பொத்திப் பொத்தி இருந்து கடைசில... காலி ரோட்ல நின்னு மாட்டிக்கிட்டேனா?

— ...

— நீங்க சிரிக்கறீங்க.

— இல்ல.

— வாய் ஓரத்துல சிரிச்சீங்க. குழாய் சிரிக்கலாமா?

— அடுத்த கேள்விக்குப் போகலாம். உங்க பைல இருந்ததை வாசிக்கறார். அளவு நாடா ஒண்ணு. நூல் வெட்டற சின்னக் கத்திரி. சாப்பாட்டு டப்பா. சாக்கட்டி ரெண்டு. கைபேசி, அணைஞ்சு போனது. அப்புறம் பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடை ஒண்ணு, நீலம், சின்னது. உங்களுக்கு இங்க குழந்தை இருக்கான்னு கேக்கறார்.

— இல்ல.

— அப்ப அந்தப் பாவாடை?

— ஒரு வீட்ல குடுத்தது. மடிப்பைப் பிரிச்சு இறக்கிவிடச் சொன்னாங்க.

— எந்த வீடு?

— பத்து வீடு போறேன். எது யாருதுன்னு துணியைப் பாத்தாத்தான் தெரியும்.

— ...எழுதிக்கிட்டார். ஊர்ல யார் இருக்காங்க?

— என் பையன். எங்க அண்ணன் வீட்ல வளர்றான்.

— பையனோட அப்பா?

— அந்தக் கேள்வி அவர் எழுதற பாரத்துல இருக்கா?

— ...இல்லையாம்.

— அப்ப வேண்டாம்.

— பையனுக்கு என்ன வயசு?

— பதிமூணு. நான் கிளம்பும்போது ஆறு. முன்னம்பல்லு ரெண்டும் விழுந்து, பேசினா காத்துதான் வரும். போன மாசம் போன் பண்ணேன்... ஒரு ஆம்பளைக் குரல் எடுத்துது. 'அண்ணா, தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்க'ன்னேன். 'அம்மா, நான்தாம்மா'ங்குது அந்தக் குரல். குரல் உடைஞ்சிருக்குக்கா அவனுக்கு. என் புள்ளையையே அண்ணான்னு கூப்பிட்டிருக்கேன்.

— ...

— அவர் காத்துக்கிட்டு இருக்கார். சொல்லலையா?

— சொல்றேன். ஒரு நிமிஷம்... ம்... சொல்லிட்டேன்.

— என்ன சொல்றார்?

— அதனாலதான் அடுத்த கேள்விக்கு நல்லா யோசிச்சுப் பதில் சொல்லணுங்கறார். உங்க பாஸ்போர்ட் எங்க?

— ரூம்ல.

— ரூம் எங்க?

— நான் தங்கியிருக்கற ரூம்தான்.

— அது எங்க இருக்குன்னு கேக்கறார்.

— ...

— கேக்கறார்.

— குடிக்கத் தண்ணி கிடைக்குமா?

— கேட்டுட்டேன். வருதாம். இப்ப அவர் சொல்றதைச் சொன்னபடி சொல்றேன், கவனமா கேட்டுக்குங்க. பாஸ்போர்ட் கையில இருந்தா ஒரு வாரத்துல உங்களை விமானத்துல ஏத்திவிட்டுடுவாங்க. அது இல்லைன்னா, நீங்க யாருன்னு உங்க நாட்டுத் தூதரகம் எழுதித் தரணும். அது வர்ற வரைக்கும் தடுப்பு முகாம்ல இருக்கணும்.

— எத்தனை நாள்?

— அவருக்கே தெரியாதாம். ஆறு மாசம் ஆனவங்க இருக்காங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆனவங்களும் இருக்காங்க.

— முகாம்னா... ஜெயிலா?

— ஜெயில் இல்லைங்கறார்.

— பூட்டுவாங்களா?

— பூட்டுவாங்களாம்.

— அப்ப ஜெயில்தான்.

— இதைச் சொல்லவா?

— சொல்லுங்க... என்ன சொல்றார்?

— பேனாவை மூடித் திறக்கறார்.

— ரூமைச் சொன்னா, போய் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடுவாங்களா?

— ...இல்லையாம். அந்த ரூம்ல வேற யார் இருந்தாலும் அவங்க பேப்பரையும் பாப்பாங்களாம். அது அவர் வேலைங்கறார். கூட யாராவது இருக்காங்களா?

— நான் தனியாத்தான் இருக்கேன்.

— ...இருங்க. அவரைக் கூப்பிடறாங்க. மேலதிகாரி போன்ல இருக்காராம். பத்து நிமிஷத்துல வந்துடறேங்கறார். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது.

— சரி.

— ...

— மணி என்ன?

— ரெண்டே முக்கால்.

— சாப்டீங்களா?

— பேசக் கூடாதுன்னு இப்பதானே சொன்னேன்.

— சாப்டீங்களான்னு கேக்கறது ஒரு பேச்சா?

— ...இல்ல, சாப்பிடல. வேற ஒரு ஸ்டேஷன்லேருந்து நேரா வரேன். இந்த ஊர்ல தமிழுக்கு நான் ஒருத்திதான். இங்க கேட்டா அங்க இருப்பேன்.

— என் டப்பாவை எடுத்து வெச்சுட்டாங்க. இல்லைன்னா குடுத்திருப்பேன்.

— ...

— முகம் வாடிப் போயிருக்கு உங்களுக்கு.

— அந்தப் பாவாடை...

— எந்தப் பாவாடை?

— பைல இருந்துதே, நீலம். அவர் மேஜை மேல விரிச்சு வெச்சப்ப பாத்தேன். கீழ மூணு பழைய மடிப்புக் கோடு இருக்கு. ஒவ்வொண்ணா இறக்கி விட்டிருக்கு. இன்னும் நாலு விரலுக்குத் துணி உள்ள மடிச்சு வெச்சிருக்கு. அன்னிய வீட்டுத் துணில யாரும் நாலு விரல் விட மாட்டாங்க. இந்தப் புள்ள வளர்றதை நான் பக்கத்துல இருந்து பாப்பேன்னு நெனக்கறவதான் விடுவா.

— ...நீங்க தைப்பீங்களா?

— எங்கம்மா தைப்பாங்க. அந்தப் புள்ள யாரு?

— இது யார் கேக்கறது? அவரா, நீங்களா?

— அவர் ரூம்லயே இல்ல.

— நான் சொன்னா அவர்கிட்ட சொல்லுவீங்க. விதின்னீங்களே.

— ஆமா. விதிதான். அதனால சொல்லாதீங்க.

— ...

— சொல்ல வேண்டாம். நான் கேட்டதே தப்பு.

— என்கூட ரூம்ல ஒருத்தி இருக்கா, அவளோட பொண்ணு. அவளை நாங்க டீச்சர்னுதான் கூப்பிடுவோம். ஊர்ல கணக்கு டீச்சர். இங்க ஒரு பெரிய ஓட்டல்ல பாத்திரம் கழுவறா. அவளும் என்னை மாதிரிதான், பேப்பர் கிடையாது. பொண்ணு இங்கதான் பொறந்துச்சு. எட்டு வயசு. வாலுன்னு பேரு வெச்சிருக்கேன். ஒரு இடத்துல நிக்காது. அளவெடுக்கக் கூப்பிட்டா நாடாவை இழுத்துக்கிட்டு ஓடும்.

— ...பள்ளிக்கூடம் போகுதா?

— போகுது. வகுப்புல முதல் மார்க். டீச்சர் பொண்ணில்ல? அதுக்கு அங்க ஊர்னா என்னன்னே தெரியாது. போட்டோவைக் காட்டினா 'இது எந்த நாடு?'ன்னு கேக்கும்.

— இப்ப எங்க இருக்கும் அது?

— பள்ளிக்கூடத்துல. விட்டதும் ரூமுக்கு வரும். வேற எங்க போகும்?

— டீச்சருக்கு நீங்க மாட்டினது தெரியுமா?

— எப்படித் தெரியும்? போனைத்தான் பிடுங்கிட்டாங்களே.

— ...ஏன் சொன்னீங்க என்கிட்ட? சொல்லாதீங்கன்னு சொன்னேனில்ல?

— அஞ்சு வருஷமா யார்கிட்டயும் உண்மை பேசினதில்ல. துணி குடுக்கறவங்க கேப்பாங்க, 'தனியாவா இருக்கே?'ன்னு. தலையை ஆட்டுவேன். தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தே வலிக்குது. நீங்க அந்த மடிப்பைப் பாத்துட்டீங்க. அதுக்கப்புறம் என்னத்தை மறைக்கறது?

— ...

— நீங்க எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?

— பத்தொம்போது.

— அம்மாடி.

— வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. பசங்களுக்குப் புரியும், பேச வராது. இந்த ஊர்ல நான் தமிழ் பேசறது இந்த மாதிரி ரூம்லதான். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் பேசுவேன். பேசி முடிச்சதும் அவங்களை அனுப்பிடுவாங்க. என்கூடத் தமிழ்ல பேசினவங்க ஒருத்தர்கூட இப்ப இந்த நாட்ல இல்ல. சில நாள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போது, அவங்க சொன்ன வார்த்தையை எனக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு இருப்பேன். யாரோ ஒருத்தி 'சட்டுப்புட்டுனு'ன்னு சொல்லியிருப்பா. எத்தனை வருஷம் ஆச்சு அந்த வார்த்தையைக் கேட்டுன்னு...

— ஐயோ அக்கா.

— வர்றார். நேரா உக்காருங்க.

— என்ன கேக்கறார்?

— நாம பேசினோமான்னு கேக்கறார்.

— ...நீங்க என்ன சொன்னீங்க?

— தண்ணி இன்னும் வரலைன்னு சொன்னீங்கன்னு சொன்னேன்.

— ...

— இந்தாங்க, அவரே எடுத்துக்கிட்டு வந்திருக்கார். குடிங்க... மெதுவா. இப்ப பாரத்துல இருக்கற எல்லாத்தையும் ஒரு தடவை வாசிக்கறார். நான் ஒவ்வொரு வரியா சொல்றேன்.

— எல்லா வரியையும் சொல்லுங்க. அவசரம் இல்ல. எனக்கு ஒவ்வொண்ணும் புரியணும்.

— புரிய வைக்கறது என் வேலை. பேரு, சரி. பொறந்த தேதி, சரி. வந்த நாள், விசா முடிஞ்ச நாள்... சரியா? தொழில், தையல். உடம்புக்கு ஏதாவது?

— கண்ணு. பக்கத்துல மங்குது.

— மருந்து?

— இல்ல. ஊசில நூல் கோக்கத்தான் கஷ்டம். வாலுதான் கோத்துக் குடு... வீட்டுக்காரங்க யாராவது கோத்துக் குடுப்பாங்க.

— ...மருந்து இல்லைன்னு எழுதச் சொல்லிட்டேன். ஊருக்குத் திரும்ப பயம் இருக்கா? அங்க யாராவது உங்களை ஏதாவது பண்ணுவாங்களா?

— யாரு பண்ணப் போறா? பயம்னா... அவன்கிட்டதான் பயம்.

— யார்கிட்ட?

— என் பையன்கிட்ட. விமானத்துலேருந்து இறங்கி எதுத்தாப்புல போய் நின்னா அவனுக்கு அடையாளம் தெரியணுமே. போட்டோவுல நான் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பேன். நேர்ல அந்த முகம் இல்லையே எனக்கு.

— அது... அந்தக் கேள்வி அந்த மாதிரி பயத்துக்கு இல்ல. ஆனா சொல்லிட்டேன். 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டார்.

— சரி.

— இவ்வளவுதான். கடைசியா அதே கேள்விக்கு வர்றார். எனக்கும் நாலு மணிக்கு வேற இடத்துக்குப் போகணும், மணி மூணே முக்கால் ஆகுது. பாஸ்போர்ட் இருக்கற ரூம் எங்க இருக்கு? இதுக்கு மேல கேக்க மாட்டாராம். பதில் இல்லைன்னா முகாமுக்கு எழுதிடுவேங்கறார்.

— சொல்றேன்.

— ...என்ன?

— சொல்றேன்னேன். பழைய சந்தைக்குப் பின்னாடி, தச்சுப்பட்டறை இருக்கற கட்டிடம். மூணாவது மாடி. கதவுல நம்பர் இருக்காது, நீலப் பெயிண்ட் அடிச்சிருக்கும். சாவி பக்கத்துல மின்சாரப் பெட்டிக்கு மேல. தையல் மிஷினுக்கு அடியில தகர டப்பா, அதுலதான் பாஸ்போர்ட்.

— ...

— கேட்டுச்சில்ல?

— கேட்டுச்சு. நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?

— குழாய் கேள்வி கேக்கலாமா?

— இல்ல... அவர்கிட்ட சரியா சொல்லணுமேன்னு...

— எனக்கும் ஒரு புள்ள இருக்கான்க்கா. ஒரு வாரத்துல போயிடலாம்னு அவரே சொன்னாரே.

— அந்தக் குழந்தை?

— அவர் பாத்துக்கிட்டே இருக்கார். சொல்லுங்க.

— பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்கதான் வரும்னு நீங்கதானே...

— சொல்லுங்கக்கா. சொன்னதைச் சொன்னபடி.

— ...

— ...

— சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா?

— சொல்லிட்டேன்.

— நான் சொன்னது அவ்வளவு நீளம். நீங்க நாலே வார்த்தைல முடிச்சுட்டீங்க.

— அவங்க பாஷைல சுருக்கமாதான் வரும்னு சொன்னேனில்ல?

— மாடி, கதவு, தகர டப்பா, எல்லாம் நாலு வார்த்தைல வந்துடுச்சா?

— வந்துடுச்சு. கையெழுத்துப் போடச் சொல்றார். கீழ, அந்தக் கோட்டு மேல.

— அவரும் என்னவோ ரெண்டு எழுத்து எழுதி மூடிட்டாரே.

— அவர் எழுத்து பொடி எழுத்து. போடுங்க.

— ...

— என்னை எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? அவரைப் பாருங்க.

— போடறதுக்கு முன்னாடி இந்தப் பேப்பரோட நகல் ஒண்ணு எனக்கு வேணும். அது என் உரிமைதானே? கேளுங்க.

— கையெழுத்துக்கு அப்புறம் குடுப்பாங்க.

— இப்பவே வேணும். அது இல்லாம போட மாட்டேன்னு சொல்லுங்க. கோவப்படாம சொல்லுங்க.

— ...சரிங்கறார். அலுத்துக்கறார், ஆனா எழுந்துட்டார். நகல் எடுக்கற மிஷின் கீழ் மாடில இருக்காம்.

— போயிட்டாரா?

— போயிட்டார். கதவைச் சாத்திட்டார்... நல்லதாப் போச்சு. நீங்க நகல் கேக்கலைன்னா நானே ஏதாவது சொல்லி அவரை அனுப்பியிருப்பேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— பத்தொம்போது வருஷத்துல நான் இப்படிப் பண்ணதே இல்ல. கமா, முற்றுப்புள்ளி கூட விட்டதில்ல. ஒருத்தன் என்னைக் கெட்ட வார்த்தைல திட்டினான், அதையே அப்படியே மொழிபெயர்த்துக் குடுத்தவ நான்... நீங்க சொன்ன இடத்தை நான் அவர்கிட்ட சொல்லல.

— ...

— 'ஞாபகம் இல்லைங்கறாங்க'ன்னு சொல்லிட்டேன். அந்தப் பாரத்துல அதுதான் இருக்கு.

— ஏன்க்கா?

— தெரியல. சந்தைக்குப் பின்னாடிங்கற வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துது. அந்த நாலு விரல் மடிப்பு கண்ணு முன்னாடி வந்து நின்னுது... வாய் வேற எதையோ சொல்லிடுச்சு. சொன்ன அடுத்த நொடியே உங்க பையன் நெனப்பு வந்துது. யாரோ ஒரு புள்ளைக்காக உங்க புள்ளைகிட்டேருந்து ஒரு வருஷத்தை எடுத்துட்டேன். எடுக்க நான் யாரு? நீங்க யோசிச்சு, மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒரு பதில் சொன்னீங்க. அது உங்க பதில். எனக்கு அதுல என்ன வேலை?

— குழாய் அடைச்சுக்கிச்சு.

— விளையாடாதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னும் நீங்க கையெழுத்துப் போடல. அவர் வந்ததும் நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். வேலை போகும், கேஸ் போடுவாங்க, போடட்டும். நீங்க ஊருக்குப் போயிடலாம். இல்ல, நீங்களும் அந்தப் புள்ளைக்காக மனசு மாறினா... எதுவா இருந்தாலும் நீங்கதான் சொல்லணும். சீக்கிரம். படில செருப்புச் சத்தம் கேக்குது.

— கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க அவர்கிட்ட 'ஞாபகம் இல்லை'ன்னு சொன்னப்பவே என் காதுல விழுந்துடுச்சுக்கா. ஏழு வருஷமா இந்த ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள போய் அவங்க இடுப்பை அளந்துக்கிட்டு இருக்கேன், அவங்க பாஷை தெரியாமலா இருப்பேன்? அப்பவே நான் வாயைத் திறந்து திருத்தியிருந்தா உங்க தலைல விழுந்திருக்கும், அதுக்குத்தான் நகல் கேட்டு அவரை அனுப்பினேன். பத்து மணிக்கு என் போன் வரலைன்னா ரூமுக்கே திரும்பக் கூடாது, வாலுவைப் பள்ளிக்கூட வாசல்லேருந்தே கூட்டிக்கிட்டுக் கிளம்பிடணும்னு டீச்சருக்கும் எனக்கும் பேச்சு. பள்ளிக்கூடம் மூணு மணிக்குத்தான் விடும். அதுக்கு முன்னாடி ரூமைச் சொன்னா, அங்க இருக்கற பாடப் புத்தகத்தைப் பாத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போயிடுவாங்க. அதுவரைக்கும் இழுக்கணும்னுதான் காலைல தமிழ் பேசற ஆள் வேணும்னு பிடிவாதம் பிடிச்சேன். உங்களை நம்பலாமான்னு தெரியல, அதனால உங்ககிட்டயும் மறைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. இந்நேரம் ரெண்டு பேரும் பஸ்ல ரெண்டு ஊர் தாண்டியிருப்பாங்க. அவர் உள்ள வந்ததும், 'இவங்களுக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்'னு சொல்லிட்டு, நான் சொன்ன இடத்தை நிதானமா, ஒண்ணும் விடாம சொல்லுங்க.